சுங்கச்சாவடியில் தயிர்ப்பானை

தயிர் என்பது பாலா, அன்றிப் பாலினின்றும் செய்யப்பெற்ற வேறொரு சரக்கா? இக்கேள்வியை நம் இல்லங்களில் எழுப்பினால், கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். காய்ச்சி ஆறிய பாலில் இரவு ஒரு கரண்டி பிரை ஊற்றி மூடி வைத்தால் விடியலில் தயிர். இதில் விவாதத்திற்கு இடமேது என்பார்கள். ஆயினும் இதே கேள்வியை முன்வைத்து இரண்டு பெருந்தேசங்கள் ஜெனீவா நகரில் வழக்காடின. 1989ஆம் ஆண்டில் அவ்வழக்கிற்குத் தீர்ப்பும் எழுதப்பெற்றது. பால் என்று கொண்டால் ஒரு விதி. பண்டம் என்று கொண்டால் மற்றொரு விதி. இடையே பல்லாயிரம் மாட்டுப் பண்ணைகளின் பிழைப்பு.

வெளிநாடுகளுடன் வர்த்தக உடன்படிக்கை ஏற்படப் போகிறதென்று பத்திரிகைகளில் செய்தி வருந்தோறும் நம்மவரிடையே இருவிதப் பேச்சு எழுவதைக் காண்கிறோம். நகரத்தில் மாதச் சம்பளத்தில் குடித்தனம் நடத்தும் நமக்குப் பாலும் தயிரும் நெய்யும் மலிவாய்க் கிடைத்தால் நல்லதே என்பது ஒன்று. ஊரில் இரண்டு பசுக்களை வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றி, அப்பணத்தைக் கொண்டு மளிகைக் கடன் தீர்க்கும் நம் அண்ணன்மார்க்கும் அக்காமார்க்கும் என்ன நேரும் என்பது மற்றொன்று. வாங்குகிறவரும் நாமே, விற்கிறவரும் நம் குடும்பத்தவரே. ஆதலின் இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலில் கனடாவின் வழக்கைக் காண்போம். அந்நாட்டில் ஒரு பண்ணையார் தம் விருப்பம்போல் பால் கறந்து ஆலைக்கு விற்றுவிட இயலாது. ஒவ்வொரு பண்ணைக்கும் அளவு உண்டு. அந்த அளவுரிமை பெற்றவரே விற்கலாம். உற்பத்திச் செலவை ஒட்டிப் பாலுக்கு விலை வகுக்கப்படுகிறது. அளவுக்கு மேல் கறப்பதில்லை என்று உழவர் இணங்க, கட்டுப்படியாகும் விலை கிடைக்கும் என்று அரசாங்கம் உறுதி கூறுகிறது. உள்ளூரில் இவ்வாறு மடையை அடைத்து நீரை அளந்து விடும்போது எல்லைப்புறக் கரை உடைந்து கிடந்தால் பயனில்லை அன்றோ? எனவே அயல்நாட்டிலிருந்து வரும் பாலுக்கும் அங்கே கட்டுப்பாடு இருந்தது.

பாலுக்குத் தடை இருந்தது. பாலினின்று ஆகிய எல்லாவற்றிற்கும் இருக்கவில்லை. 1988 ஜனவரியில் கனடா ஐஸ்கிரீமையும் யோகர்ட்டையும் தடைப்பட்டியலில் சேர்த்தது. யோகர்ட் என்பது நம் தயிரின் மேனாட்டு உடன்பிறப்பு. குறிப்பிட்ட இரண்டு வகை நுண்ணுயிர்களைக் கொண்டு உறையச் செய்வது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே ஜனவரியில்தான் அமெரிக்க ஐக்கிய நாட்டுடன் தடையிலா வர்த்தக உடன்படிக்கையிலும் கனடா கையெழுத்திட்டது. வாசற்கதவைத் திறந்துவிட்டுச் சாளரத்தைச் சாத்திக்கொண்ட இச்செயலை அமெரிக்கர் பொறுப்பாரா? காட் என்னும் பொது வர்த்தக உடன்படிக்கையின் கீழ் முறையிட்டனர்.

காட் விதிகளின்படி இறக்குமதிக்கு அளவுத்தடை விதித்தல் பொதுவாகக் கூடாது. விலக்கு ஒன்று உண்டு. ஒரு வேளாண் விளைபொருளின் உள்நாட்டு உற்பத்தியை அரசாங்கமே கட்டுப்படுத்துமாயின், அதே பொருளின் இறக்குமதியையும் கட்டுப்படுத்தலாம். அப்பொருள் எந்த வடிவில் வந்தபோதிலும் சரியே. ஆனால் அவ்வடிவம் தொடக்கநிலைப் பக்குவம் மட்டுமே பெற்றதாய், இன்னும் கெடக்கூடியதாய், மூலப்பொருளோடு நேரே போட்டியிடுவதாய் இருத்தல் வேண்டும். கனடா இந்த விலக்கைப் பற்றிக்கொண்டது. யோகர்ட் என்பது பாலே. அதை விட்டுவிட்டால் பாலுக்கு இட்ட வேலி வீண் என்பது அதன் வாதம். யோகர்ட் தனிப் பண்டம் என்றது அமெரிக்கா.

நடுவர் குழு அமெரிக்காவின் பக்கம் தீர்ப்பளித்தது. கறந்த பாலை வாங்குவன ஆலைகள். யோகர்ட்டையும் ஐஸ்கிரீமையும் வாங்குவோர் இல்லத்தார். இவை ஒரே சந்தையில் நேருக்கு நேர் நின்று போட்டியிடுவன அல்ல என்பது அவர்கள் கண்ட முடிவு. நம் பாட்டிமார் இத்தீர்ப்பைக் கேட்டிருந்தால் ஒப்பியிருக்க மாட்டார்கள்! சட்டநூலின் பார்வையில் அதில் நியாயம் இருக்கலாம். கறவைத் தொழுவத்தில் நிற்பவரின் பார்வையில் அது பொருந்துமா என்பது ஐயமே. அயல்நாட்டு யோகர்ட் ஒரு குடம் விற்றால், அதற்குரிய பாலை உள்ளூர் ஆலை வாங்காது என்பது கணக்கறியாதவர்க்கும் புலப்படும்.

தீர்ப்பு வெளிவந்தும் தடை உடனே அகன்றுவிடவில்லை. அப்போது நடந்துகொண்டிருந்த உருகுவே சுற்று என்னும் நீண்ட பேச்சுவார்த்தை முடியட்டும் என்று காலம் கடந்தது. 1995இல் உலக வர்த்தக அமைப்பு தோன்றியபோது விளையாட்டின் விதியே மாறிற்று. வேளாண்பொருள்களுக்கு அளவுத்தடை கூடாது. அத்தடை எவ்வளவு காப்பு அளித்ததோ அதற்கு ஈடான சுங்கத் தீர்வையாக அதை மாற்றிக்கொள்ளலாம் என்பது புதிய ஏற்பாடு. கனடா அவ்வண்ணமே மாற்றிக்கொண்டது. சிறிதளவு யோகர்ட், அதாவது ஆண்டொன்றுக்கு 332 டன் மட்டும், குறைந்த தீர்வையில் உள்ளே வரலாம். அதற்கு மேல் வருவதற்கு 237.5 சதவீதம் தீர்வை. நூறு ரூபாய்ச் சரக்கு எல்லையைக் கடந்ததும் 337 ரூபாய் 50 காசு ஆகிவிடும். அவ்விலைக்கு யார் அனுப்புவார்? யார் வாங்குவார்? வழக்கில் தோற்றவர் வேலியை முன்னிலும் உயரமாகக் கட்டிக்கொண்டது இவ்வாறுதான்.

அமெரிக்கர் விடவில்லை. வட அமெரிக்க வர்த்தக உடன்படிக்கையின்படி இத்தகைய புதுத் தீர்வை செல்லாது என்று மீண்டும் வழக்கிட்டனர். 1996 டிசம்பரில் நடுவர் குழு ஒருமனதாகக் கனடாவின் சார்பில் முடிவு கூறியது. இன்றுவரை அவ்விரு நாடுகளும் பாற்பண்டங்களைப் பற்றிப் பூசலிட்டே வருகின்றன. 2025 ஜூன் மாதத்தில், இனி எந்த வர்த்தகப் பேச்சிலும் இக்காப்புகளைத் தளர்த்துவதாக அமைச்சர் வாக்களிக்கலாகாது என்று கனடா தனிச் சட்டமே இயற்றிவிட்டது. அந்நாட்டு இல்லத்தரசிகள் இதனால் கூடுதல் விலை கொடுக்கின்றனர் என்று சொல்வோர் உளர், அது மறுக்கக்கூடியதன்று. ஆயினும் அங்கே பாலின் விலை வீழ்ந்ததென்று பண்ணையை விற்றோடும் நிலை உழவர்க்கு எளிதில் நேர்வதில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இத்தனை சச்சரவுக்கும் காரணமான தயிர், உண்மையில் நெடுந்தூரம் செல்லும் சரக்கே அன்று. நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு அளவிற்கு அதில் நீரே நிறைந்துள்ளது. நீரைக் கப்பலேற்றிக் கூலி கொடுப்பார் எவர்? அன்றியும் அது உயிருள்ள பொருள். குளிர்ச்சி சற்றுத் தவறினால் துறைமுகம் சேருமுன் புளித்துப் போகும். எனவே தயிர் பெரும்பாலும் அண்டை நாட்டிற்கே செல்கிறது. கடல் கடந்து செல்வன வேறு மூன்று: பிரை, பெயர், பால்தூள்.

பிரையும் பெயரும் சென்ற கதையில் அழகானது ஜப்பானுடையது. 1970இல் ஒசாகா நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் பல்கேரிய நாட்டு மண்டபத்தில் சர்க்கரை சேர்க்காத வெறும் யோகர்ட்டை ஜப்பானியர் சுவைத்தனர். அந்நாட்டின் மெய்ஜி நிறுவனம் மறு ஆண்டே அதைப் போன்றதொன்றைச் செய்து விற்கத் தொடங்கிற்று. பல்கேரியாவின் பெயரைச் சூட்ட விரும்பியபோது அந்நாட்டார் எளிதில் இணங்கவில்லை. தம் தேசத்தின் பெயரை வாணிகப் பொருளுக்குத் தருவதா என்று தயங்கினர். பிறகு இணக்கம் பிறந்து, 1973 முதல் மெய்ஜி பல்கேரியா யோகர்ட் என்ற பெயரில் அது விற்பனையாயிற்று. பால் ஜப்பானியப் பசுவினுடையது. பிரையும் பெயரும் பல்கேரியாவினுடையவை. ஒரு துளிப் பாலும் கப்பலேறாமல் இரு நாடுகளிடையே தயிர் வாணிகம் நடந்தேறியது. 2024இல் நம் அமுல் கூட்டுறவு அமெரிக்காவின் மிச்சிகன் பால் உற்பத்தியாளர் சங்கத்துடன் சேர்ந்து அங்கே பால் விற்கத் தொடங்கியதும் ஏறக்குறைய இதே வழியில்தான்.

பெயருக்காக வழக்காடியதும் உண்டு. அமெரிக்காவில் செய்யப்பட்ட யோகர்ட்டைச் சோபானி என்னும் நிறுவனம் இங்கிலாந்தில் கிரேக்க யோகர்ட் என்று பெயரிட்டு விற்றது. கிரேக்க நாட்டு ஃபாயே நிறுவனம் நீதிமன்றம் ஏறியது. கிரேக்க நாட்டில் செய்யப்பட்டு, துணியில் கட்டி நீர் வடித்ததுபோன்ற முறையில் கெட்டியாக்கப்பட்ட தயிரையே மக்கள் அப்பெயரால் அறிகின்றனர் என்று 2013இல் தீர்ப்பாயிற்று. 2014 ஜனவரியில் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. மும்பையில் வாழும் நம் அன்பர்களுக்கு வடித்த தயிர் புதிதன்று. ஸ்ரீகண்டத்திற்கு மூலமான சக்கா அதுவே. அதற்கொரு நாட்டின் பெயரைச் சூட்டியதும் விலையும் வழக்கும் ஏறிவிடுவதைப் பாருங்கள்!

சுங்க அதிகாரிகள் கையாளும் பட்டியலும் பெயரால் நடப்பதே. உலக நாடுகள் பெரும்பாலானவை ஒரே பொதுப் பட்டியலைப் பின்பற்றுகின்றன. அதில் 0403 என்னும் எண்ணின் கீழ் மோர், தயிர், யோகர்ட், கெஃபீர் முதலிய புளிக்கவைத்த பாற்பண்டங்கள் அடங்கும். 0406 என்னும் எண்ணில் பாலாடைக்கட்டி. இந்த இரண்டாவது தலைப்பில் ஆங்கிலத்தில் ‘கர்ட்’ என்ற சொல்லும் காணப்படும். அது நம் தயிரைக் குறிப்பதன்று. பால் திரிந்து கட்டியான பாகத்தைக் குறிப்பது. இந்தியாவில் நாம் ஆங்கிலத்தில் ‘கர்ட்’ என்று அழைக்கும் தயிரோ முதல் தலைப்பில் உள்ளது. ஆங்கிலச் சொல்லை மட்டும் நம்பிப் பெட்டியின்மேல் எழுதுபவர் தவறான தீர்வை கட்ட நேரிடும். 2022இல் இப்பட்டியல் திருத்தப்பட்டபோது, சாக்லேட்டோ காப்பியோ தானியமோ மசாலாவோ கலந்த யோகர்ட்டும், அதன் மூல இயல்பு மாறாதவரை யோகர்ட்டே என்று விதித்தனர். ஆக, தாளித்த மோருக்கும் பட்டியலில் இடம் தேடலாம் போலும்!

இனி நம் நாட்டிற்கு வருவோம். அயல்நாட்டு யோகர்ட்டிற்கு இந்தியா விதிக்கும் அடிப்படைத் தீர்வை 30 சதவீதம். ஆனால் இந்திய உழவரின் கவலை யோகர்ட் அன்று, பால்தூளே. தூளை நீரில் கரைத்தால் பால். அதில் பிரையிட்டால் தயிர். தூளுக்குக் கதவு திறந்திருந்தால் தயிருக்கு எவ்வளவு தீர்வை விதித்தும் பயனில்லை.

தூளின் இருவகைக் குணத்தையும் நம் நாடு கண்டிருக்கிறது. 1970இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியபோது ஐரோப்பியச் சமூக நாடுகள் உலக உணவுத் திட்டத்தின் வழியாகத் தம்மிடம் மிகுந்திருந்த பால்தூளையும் வெண்ணெய் எண்ணெயையும் அன்பளிப்பாக வழங்கின. அவற்றை விலையின்றி ஊரெங்கும் இறைத்திருந்தால் உள்ளூர்ப் பாலை வாங்குவாரின்றிக் கறவை மாடுகள் தொழுவத்தை விட்டே போயிருக்கும். டாக்டர் வர்கீஸ் குரியன் தலைமையில் இயங்கிய தேசியப் பால்வள வாரியம் அவ்வாறு செய்யவில்லை. அதைப் பாலாக மாற்றித் தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் விலைக்கே விற்று, வந்த பணத்தைக் கிராமக் கூட்டுறவுகளை வளர்க்கச் செலவிட்டது. 1974இல் தில்லியில் மதர் டெயரி தோன்றியது இத்திட்டத்தின் கீழ்தான். அந்நாளில் தில்லிக்கு வேலை தேடி வந்த தமிழர் பலர் அதன் சாவடிகளில் வரிசையில் நின்று பால் வாங்கியிருப்பர். அப்பாலில் ஒரு பகுதி ஐரோப்பியப் பசுவினுடையது என்பதை எத்தனை பேர் அறிந்திருந்தனரோ!

பின்னர் வேறொரு சங்கடம் எழுந்தது. பால்தூளுக்குத் தீர்வையே விதிப்பதில்லை என்று முற்காலத்தில் காட் ஒப்பந்தத்தில் இந்தியா வாக்களித்திருந்தது. இறக்குமதிக்கு உரிமக் கட்டுப்பாடு இருந்தவரை அவ்வாக்கு ஏட்டளவில் கிடந்தது. அக்கட்டுப்பாடு தளர்ந்ததும் மானியம் பெற்ற அயல்நாட்டுத் தூள் உள்ளே வரலாயிற்று. பிற நாடுகளுடன் பேசி, வேறு பொருள்களில் சலுகை கொடுத்து, 2000ஆம் ஆண்டில் அவ்வாக்கை இந்தியா மாற்றிக்கொண்டது. ஆண்டுக்கு 10,000 டன் வரை 15 சதவீதம். அதற்கு மேல் 60 சதவீதம். கனடா கட்டிய வேலியைப் போன்றதே இதுவும், உயரம் மட்டும் குறைவு.

இவ்வேலியைத் தளர்த்துமாறு கேட்டு வந்தவர்கள் பலர். கிழக்காசிய நாடுகளும் ஆஸ்திரேலியாவும் நியூஸிலாந்தும் சேர்ந்த பெரும் வர்த்தக உடன்படிக்கையினின்று 2019 நவம்பரில் பாங்காக் நகரில் இந்தியா விலகிக்கொண்டதற்குப் பால் உற்பத்தியாளர்களின் எதிர்ப்பும் ஒரு காரணம். நியூஸிலாந்தின் பாலிற் பெரும்பகுதி ஏற்றுமதிக்கென்றே கறக்கப்படுவது. 2022இல் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய உடன்படிக்கையிலும், 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டிஷ் உடன்படிக்கையிலும் பாற்பண்டங்களுக்குச் சலுகை வழங்கப்படவில்லை.

அமெரிக்காவுடன் உள்ள தகராறு தீர்வையைப் பற்றியது மட்டுமன்று. இறக்குமதியாகும் பாற்பண்டத்தைத் தந்த மாட்டிற்கு மாட்டினத்தின் இரத்தமோ எலும்போ உள்ளுறுப்போ கலந்த தீவனம் ஒருபோதும் ஊட்டப்படவில்லை என்று அந்நாட்டு அரசு சான்று தரவேண்டும் என்கிறது இந்தியா. சமய உணர்ச்சியும் பண்பாடும் இதில் அடங்கியுள்ளன என்பது நம் அரசாங்கத்தின் விளக்கம். விஞ்ஞான ஆதாரமற்ற தடை என்பது அமெரிக்கப் பால் வணிகரின் குற்றச்சாட்டு. அவர்கள் கொடுத்த முறையீடும் சேர்ந்தே, இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா அளித்துவந்த பொதுத் தீர்வைச் சலுகை 2019 ஜூன் 5ஆம் தேதி நின்றுபோயிற்று. மோர்சாதம் உண்ணும் வீட்டின் மரபு, தோல், இயந்திர உறுப்பு முதலியன செய்யும் தொழிலாளியின் வருமானத்தையும் தொட்டுவிட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது. இத்தகைய காப்பிற்கு ஒரு விலை உண்டு. அவ்விலையை மாடு வைத்திருப்போர் அல்லாத வேறு யாரோ கொடுக்க நேரிடுகிறது.

அவ்வாறாயினும் தூளுக்கு இட்ட வேலி வேண்டும் என்பதே நம் கருத்து. 1998 முதல் உலகில் மிகுதியாகப் பால் கறக்கும் நாடாக இந்தியா விளங்குகிறது. 2023-24இல் உற்பத்தி 23 கோடியே 90 இலட்சம் டன்னைக் கடந்தது. இது பெரும்பண்ணைகளின் சாதனையன்று. ஒன்றும் இரண்டுமாக மாடு வைத்திருக்கும் சுமார் 8 கோடிக் கிராமக் குடும்பங்களின் உழைப்பு. மழை பொய்த்த ஆண்டிலும் அக்குடும்பங்களுக்குக் கைக்கு வரும் காசு பாற்காசே. மானியம் பெற்ற மேனாட்டுப் பண்ணையோடு அவர்களை ஒரே தராசில் நிறுத்துவது நியாயமாகாது.

அரசாங்கத்திடம் நாம் கேட்க வேண்டியது மற்றொன்று உண்டு. அயல்நாட்டாருடன் பேசும்போது தயிர் உழவரின் பால். ஏழைக் குடும்பத்தின் பிழைப்பு. உள்நாட்டில் வரி விதிக்கும்போது அதே தயிர் பண்டமாகிவிடுவது ஏனோ? 2022 ஜூலை 18ஆம் தேதி முதல், பையிலோ குவளையிலோ அடைத்துப் பெயரச்சிட்டு விற்கும் தயிருக்கும் மோருக்கும் லஸ்ஸிக்கும் 5 சதவீதம் சரக்கு-சேவை வரி விதிக்கப்பட்டது. அதற்கு முன் அவ்வரி இல்லை. காய்ச்சிப் பதப்படுத்திய பால் பைக்கு வரி இல்லை. அதில் பிரை விழுந்து உறைந்ததும் வரி! ஜெனீவா நடுவர்கள் 1989இல் சொன்னதை நம் வரி மன்றம் தன்னையறியாமலே ஒப்புக்கொண்டது போலும். 2025 செப்டம்பரில் வரி விகிதங்கள் திருத்தப்பட்டபோது அடைத்து விற்கும் பனீருக்கு வரி நீங்கியது. நெய்க்கும் வெண்ணெய்க்கும் குறைந்தது. நீக்கப்பட்ட பட்டியலில் தயிர் இடம்பெறவில்லை. பனீர் உண்ணும் வடபுலத்தார்மீது நமக்குக் காழ்ப்பு இல்லை; நாள்தோறும் தயிர் உண்பவர்க்கும் அந்நீதி கிட்டலாமே என்றுதான் கேட்கிறோம்.

பையின்மேல் அச்சிடும் பெயரிலும் ஒரு சோதனை வந்தது அன்பர்களுக்கு நினைவிருக்கும். 2023 மார்ச்சில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், தயிர்ப் பைகளில் ‘தஹி’ என்ற சொல்லை முதன்மையாக இட்டு, தயிர், மொசரு முதலிய மொழிப்பெயர்களை அடைப்புக்குறிக்குள் இடுமாறு பணித்தது. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் எதிர்ப்பு எழவே, அதே மாதம் 30ஆம் தேதி அவ்வாணை திருத்தப்பட்டது. சந்தைக்கு வெளியூரில் ‘தஹி’ என்று கேட்டே வாங்கும் நமக்கு அச்சொல்லோடு பகை இல்லை. ஆவின் பையில் தயிர் என்றே இருக்கட்டும் என்பதுதான் ஆசை.

வீட்டில் உறையும் தயிருக்குச் சுங்கமும் இல்லை, வரியும் இல்லை. வரியற்ற பாலை வாங்கி, நம்மவர் இல்லத்திலிருந்து ஒரு கரண்டி பிரை பெற்று வந்தால் போதும். தில்லி, சண்டிகர் முதலிய இடங்களில் மார்கழி, தை மாதக் குளிரில் தயிர் உறையவில்லை என்று குறைப்படும் சகோதரிகள், பாலைக் கை பொறுக்கும் சூட்டில் இறக்கி, பிரையைச் சற்றே கூட்டி ஊற்றி, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்துப் பார்க்கலாம். பெரும்பாலும் காலை பத்து மணிக்குள் உறைந்துவிடும்.